புதுப்பிப்பு: லெஃப்ட்ல மட்டும் திரும்ப அடம்பிடிச்ச கார்

வீட்டு ஷெட்ல கட்டின என் ரேஸ் கார் லெஃப்ட் வளைவுல மூக்கு திரும்பாம வெளிய தள்ளுது, ரைட்ல போனா பின்பக்கம் வழுக்குதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல. பாதி பேர் டயர்னு சொன்னீங்க, பாதி பேர் அலைன்மென்ட்னீங்க, ரெண்டும் இல்லப்பா, கார்னர் வெயிட், அதாவது ஒவ்வொரு சக்கரத்து மேலயும் இறங்குற எடை!

தரை லெவல் பாத்து, டயர் காத்து சரி பண்ணி, ஆன்டி ரோல் பார் (வளைவுல கார் சாயறதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்குற கம்பி) லிங்க்கை கழட்டிட்டு, சீட்ல என் எடைக்கு மணல் மூட்டை ஏத்தி, நாலு சக்கரத்துக்கும் கீழ எடை பாக்குற ஸ்கேல் வெச்சு பாத்தா, ரைட் ஃப்ரண்டும் லெஃப்ட் ரியரும் சேர்ந்து மொத்த எடைல 53 சதவீதம். வேண்டியது 50. அந்த குறுக்கு ஜோடி கனமா இருந்தா லெஃப்ட்ல அண்டர்ஸ்டியர் (மூக்கு வெளிய தள்ளுறது), ரைட்ல ஓவர்ஸ்டியர் (பின்பக்கம் வழுக்குறது), அப்படியே பொருந்துது.

அந்த ரெண்டு மூலைல காயில்ஓவர்ல (ஷாக் அப்சார்பரைச் சுத்தி ஸ்பிரிங் இருக்குற செட்) ஸ்பிரிங் உக்கார்ற தட்டை கொஞ்சம் இறக்கி, மத்த ரெண்டுல ஏத்தினேன், ஒவ்வொரு தடவையும் காரை நல்லா அமுக்கி குலுக்கி விடணும், இல்லன்னா ஸ்கேல் கண்டபடி காட்டும் (முதுகு போச்சு). இப்ப 50.2.

லிங்க்கை திரும்ப மாட்டும்போது போல்ட் கையாலயே நுழையணும், சுத்தியல்ல தட்டி ஏத்தினா பார் முறுக்கிக்கிட்டு எடை மறுபடி மாறிடும், அதனால நீளம் மாத்துற லிங்க்கே போட்டுட்டேன். டிராக்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புது. அடுத்து பிரேக் பயஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு பிரேக் பலத்தை எப்படி பிரிக்கிறதுன்னு.