கழற்றி மாட்டும் ஹார்ட் டாப்புக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

வெளுத்த_கூரை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய ராங்லர் ஜீப், கழற்றி மாட்டும் ஹார்ட் டாப்போடு, அதாவது கெட்டிக் கூரையோடு. டாப் ஒரு காலத்தில் கறுப்பு. வெயிலில் கிடந்து கிடந்து வெளுத்துப்போய், இப்போது கை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் சாம்பல் மாதிரி ஒட்டுகிறது. முன்னால் வைத்திருந்தவர் கேன் ஸ்ப்ரே வாங்கி மேலாக ஒரு பூச்சு அடித்திருக்கிறார் போல, பின்கண்ணாடி ரப்பரை ஒட்டி அது வெங்காயச் சருகாக உரிந்து வருகிறது. இடது மூலையில் சிலந்தி வலை போலப் பொடி விரிசல்களும் உண்டு.

ஷெட்டில் இடம் இருக்கிறது, சின்ன கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது, சைக்கிளுக்கும் இரும்புக் கேட்டுக்கும் அடித்த அனுபவம் இருக்கிறது, வண்டிக்கு அடித்ததில்லை. பெயிண்ட் ரிமூவர் பூசிப் பழையதை மொத்தமாக வழித்துவிட்டு ஆரம்பிக்கலாமா? கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டாம், உரியாமல் நாலு வருஷம் நின்றால் போதும்.

எமரி_கை:

ரிமூவரைக் கீழே வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் டாப் தகரம் இல்லை, ஃபைபர். தகரத்தில் ரிமூவர் பூசினால் பெயிண்ட் மட்டும் பொங்கி வரும், ஃபைபரிலோ அடியில் இருக்கும் ரெசினையும் சேர்த்து இளக்கிவிடும், மிச்சம் துளைகளில் இறங்கி உட்கார்ந்துகொண்டு புதுப் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். பழையது போக வேண்டுமென்றால் எமரிதான் வழி.

முதலில் ஒரு சோதனை. பழைய துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் கொஞ்ச நேரம் அழுத்தித் தேயுங்கள். கறுப்பு துணியில் கரைந்து வந்தால் அது கேன் பெயிண்ட். அதன் மேல் 2கே ப்ரைமர் (இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிற அடிப்பூச்சு) அடித்தால் ப்ரைமரில் இருக்கும் தின்னரே அடியில் போய்ச் சுருக்கிவிடும், ஆகவே கரைகிற பூச்சு முழுக்கப் போக வேண்டும். கரையாமல் கெட்டியாக நிற்கிற இடத்தைச் சொரசொரப்பாக்கினாலே போதும்.

அடுத்தது கழுவுதல். ஆள் ஆளுக்குத் தப்பு செய்கிற இடம் இது. எமரி போட்ட பிறகு கழுவலாம் என்று நினைப்பார்கள். வருஷக்கணக்காக ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பூசிய சிலிக்கான் பாலிஷ் டாப் மேலே படிந்திருக்கும். கழுவாமல் தேய்த்தால் அந்த எண்ணெயை எமரிக் கீறலுக்குள் நீங்களே திணிக்கிறீர்கள். பெயிண்ட் அடித்த மறு நிமிஷம் அங்கங்கே வட்ட வட்டமாக விலகி, நடுவில் பழைய நிறம் தெரியும். மீன்கண் என்று சொல்வது அதைத்தான். எனவே பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு தடவை, நன்றாக அலசிக் காயவிட்டு, கிரீஸ் ரிமூவரில் இரண்டு தடவை. ஒரு துணியால் பூசி, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை ஊர்வலம் கூட்டிப்போகிறீர்கள், அவ்வளவுதான். கடைசியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, தகடாகப் பரவி வழிந்தால் சரி.

உரிகிற ஓரங்களை 180ஆம் நம்பர் எமரியில் சரிவாக இழையுங்கள், விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. பிறகு மொத்தத்துக்கும் 320. சிலந்தி விரிசலின் மேலே ப்ரைமர் அடித்து மூடினால் திரும்ப வரும், ஒவ்வொரு கோட்டையும் வி வடிவில் திறந்து ஃபைபருக்கான பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். எபாக்ஸி ப்ரைமர் ஒன்று, அதன் மேல் கனமான 2கே ப்ரைமர் இரண்டு கோட். காய்ந்ததும் கறுப்பு கேனில் லேசாகத் தூவிவிட்டு 400இல் தேய்த்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும், எங்கே பட்டி வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். 600இல் முடித்துவிட்டு பேஸ் கோட், அதாவது நிறப் பூச்சு.

ரப்பரைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் அதன் உதட்டுக்கு அடியில் மெல்லிய நைலான் கயிற்றைச் செருகிக்கொண்டே போனால் உதடு மேலே தூக்கி நிற்கும், பெயிண்ட் அடிவரை போகும். உங்களுடையது அந்த இடத்தில் உரிவதற்கே காரணம், முன்னால் வைத்திருந்தவர் ரப்பர் விளிம்போடு டேப் ஒட்டி அடித்ததுதான்.

ரெண்டாம்_கோட்:

எமரி_கை சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, சாதாரண விஷயமில்லை. 2கே ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி மூச்சு இழுக்கும். துணி மாஸ்க்கை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். வெளிக்காற்று குழாயில் வருகிற முகமூடிதான் இதற்கு உரியது, தோல், கண் இரண்டும் மூடியிருக்க வேண்டும். அந்த வசதி இல்லை என்றால் ப்ரைமருக்கு முந்தைய வேலையை நீங்களே முடித்துவிட்டு, டாப்பை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய் அடித்து வாங்குங்கள். கழற்றி எடுக்கிற பொருள்தானே, வண்டியே போக வேண்டியதில்லை. ப்ரைமரும் நீங்களே அடிக்க வேண்டுமென்றால் ஹார்டனர் இல்லாத 1கே எபாக்ஸி கிடைக்கிறது.

ஃபைபர் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் முதல் தடவை பனியனோடு காய்ந்த எமரி போட்டேன், மூன்று நாள் முழங்கை மடிப்பில் சொறிந்துகொண்டே தூங்கினேன். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முழுக்கை போடுங்கள்.

சொரசொரப்பு:

எல்லோரும் பளபளப்புக்கு வழி சொல்கிறீர்கள், கேட்டவர் அது வேண்டாம் என்று முதலிலேயே எழுதியிருக்கிறார்! அந்த டாப் கம்பெனியில் இருந்து வரும்போதே மேலே பொடி மணல் தூவியது போலத்தான் இருக்கும். அதை 600 வரை வழவழப்பாக்கி கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிப்பது ஒரு வாரத் தண்டனை, அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளமும் வெயிலில் பல்லைக் காட்டும். லாரித் தொட்டிக்கு அடிக்கிற பெட்லைனர் வகைப் பூச்சு, யூவி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, நுரை ரோலரால் மெல்லியதாக இரண்டு கோட் உருட்டுங்கள். பட்டி வைத்த இடம்கூடத் தெரியாது. தூக்கும்போது மட்டும் கனம் கூடியிருக்கும்.

எமரி_கை:

இதற்கு நான் சண்டைக்கு வர மாட்டேன், அவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் கழுவுகிற வேலையும் 180, 320 வேலையும் இதற்கும் அதேதான். ரப்பர் உட்காருகிற அடி விளிம்பில் மட்டும் அந்தத் தடித்த பூச்சு ஏறாமல் டேப் ஒட்டுங்கள், ஏறினால் டாப் சரியாகப் பதியாது, மழை உள்ளே வரும்.

வெளுத்த_கூரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ரோலர் வழிதான் போனேன். நானும் என் மச்சானும் சேர்ந்து டாப்பை இறக்கினோம், அதற்கு முன் பின்கண்ணாடி ஹீட்டர் ஒயரையும் வாஷர் டியூபையும் கழற்ற மறந்து, டியூப் படக்கென்று பிடுங்கிக்கொண்டது, யாராவது இதைச் செய்யப்போனால் அதை முதலில் பாருங்கள். தின்னர் துணியில் கறுப்பு கொட்டியது, ஆக முழுக்கத் தேய்க்க வேண்டியதாயிற்று, இரண்டு ஞாயிறு அதற்கே போனது.

தண்ணீர் சோதனையில் முதல் தடவை பின்பக்கம் முழுக்க முத்து. இரண்டாவது தடவையும் ரப்பரை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு முத்து. மூன்றாவதில்தான் பரவியது. அந்தக் கயிறு யோசனைக்குத் தனியாக நன்றி, ரப்பரை இழுத்து உள்ளே பார்த்தால் கறுப்பு அடிவரை போயிருக்கிறது. இடது பக்கம் ரோலர் காய ஆரம்பித்த பிறகும் விடாமல் உருட்டியதில் ஒரு முழ நீளத்துக்குப் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கிறது. மச்சான் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தச் சொல்கிறார்.