இட்லிப் பானையில் கிறிஸ்துமஸ் புட்டிங்: சேலத்தில் வெந்தது, ஏற்காட்டில் வேகவில்லை

அரிசிப்பாளையத்துக்காரி:

இந்தப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக் அனுபவங்களை நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் கேக்கைவிடப் புட்டிங்குக்குத்தான் மதிப்பு. அம்மாவின் பெரியம்மா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். ஓவன் பங்களாவில்தான் இருந்தது, அவர் வீட்டில் விறகடுப்பும் இட்லிப் பானையும். கேக்குக்கு ஓவன் வேண்டும், புட்டிங்குக்கு ஆவி போதும். அதனால் பங்களாவில் கற்றுக்கொண்டதில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது இது ஒன்றைத்தான். அவரிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு.

புட்டிங் என்றதும் தட்டில் தளதளவென்று ஆடும் கேரமல் புட்டிங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கறுப்பாக, கனமாக, வாய்க்கு வாய் பழமாக இருக்கும். இங்கிலாந்தில் இதற்கு மாட்டுக் கொழுப்பும் பிராந்தியும் சேர்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலமான அட்வென்ட் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறன்றே கிண்டி, அவித்து, எடுத்து வைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஆங்கிலத் திருச்சபையில் சொல்லும் ஜெபத்தின் முதல் வார்த்தையான 'ஸ்டிர்' என்பதற்கு 'எழுப்பிவிடும்' என்றும் பொருள், 'கிண்டு' என்றும் பொருள். அதனால் அந்த ஞாயிற்றுக்கே கிண்டுகிற ஞாயிறு என்று பேர் வந்துவிட்டது. வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கு ஒரு சுற்று, கிழக்கிலிருந்து மேற்காகக் கிண்டவேண்டும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள், அதாவது மூன்று ஞானிகள், கிழக்கிலிருந்துதானே வந்தார்கள். கொழுப்பையும் பிராந்தியையும் பெரியம்மா அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டார், கிண்டுகிற வழக்கத்தை மட்டும் விடவில்லை. இன்றும் என் மாமியார் ஒரு சுற்று, என் பையன் ஒரு சுற்று.

அளவைச் சொல்கிறேன், ஒரு லிட்டர் போசிக்குச் சரியாக வரும். காய்ந்த கருந்திராட்சை 150 கிராம், காய்ந்த மஞ்சள் திராட்சை 150 கிராம், கொட்டை எடுத்து நறுக்கிய பேரீச்சை 100 கிராம். இவற்றை முதல் நாள் ராத்திரியே இரண்டு கமலா ஆரஞ்சின் சாற்றில் ஊறப்போட வேண்டும். காலையில் பார்த்தால் திராட்சையெல்லாம் சாற்றைக் குடித்து உப்பிக்கொண்டு இருக்கும். அப்புறம் பொடித்த வெல்லம் 125 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை இரண்டு, ரொட்டித் தூள் 100 கிராம், மைதா 100 கிராம், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், துருவிய கேரட் ஒன்று. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு நான்கையும் பொடித்துக் கலந்து ஒரு ஸ்பூன். கேரட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அது உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கும், தனியாக ருசி தெரியாது.

வெல்லத்தில் மட்டும் நான் பிடிவாதம். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வாங்குவேன், பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைத் தொடமாட்டேன். கறுத்த நாட்டு வெல்லம்தான் புட்டிங்குக்கு நிறமும் அடிநாக்கில் அந்த லேசான கசப்பும் கொடுக்கும். வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் சாயம் போன துணி மாதிரி இருக்கும்.

போசியில் வெண்ணெய் தடவி, மாவை முக்கால் அளவுக்கு மேல் போகாமல் நிரப்ப வேண்டும். மூடியைப் போட்டு இறுக்கக் கூடாது. பெரியம்மா வாழை இலைதான் கட்டுவார். இலையைத் தணலுக்கு மேலே மெதுவாக நகர்த்தும்போது வெளிர்பச்சை ஓடி மறைந்து கரும்பச்சையாகப் பளபளக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் மடித்தாலும் கிழியாது. நடுவில் ஒரு மடிப்பு விட்டு இரண்டு இலையாகப் போட்டு, நனைத்த வாழைநாரால் விளிம்பில் கட்ட வேண்டும். உள்ளே மாவு எழும்பும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும்.

இட்லிப் பானையில் தட்டுக்கு மேலே போசியை வைத்து மூன்று மணி நேரம் ஆவி. தண்ணீர் வற்றினால் வேலை கெட்டது. பானை அடியில் அம்மா ஒரு பழைய காசைக் கழுவிப் போட்டு வைப்பார். தண்ணீர் கொதித்துக்கொண்டு இருக்கும் வரை காசு கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம், ஓடிப்போய் வெந்நீர் ஊற்றுவோம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிப்போகும். வெள்ளைக்காரர்கள் புட்டிங்குக்கு உள்ளே வெள்ளிக் காசைப் போடுவார்கள், அது யார் பங்கில் வருகிறதோ அவர்களுக்கு அந்த வருஷம் யோகம். எங்கள் வீட்டில் காசு பானைக்கு அடியில் கிடந்தது. உள்ளே ஒரு முழு பாதாம்தான், குழந்தைகள் கடித்துத் தொண்டையில் சிக்கிவிடக் கூடாது என்று.

சரி, இதுவரை எல்லாம் சேலம் கணக்கு. போன வருஷம் ஏற்காட்டில் தங்கை வீட்டில் கிறிஸ்துமஸ். அங்கே போய்ச் சூடாக அவிக்கலாம் என்று, மாவை மட்டும் கலந்து தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். அதே பானை, அதே இலை, அதே காசு. சரியாக மூன்று மணி நேரம். பன்னிரண்டு பேர் சுற்றி நிற்கக் கவிழ்த்தேன். ஓரம் நின்றது, நடுவில் இருந்தது அப்படியே சரிந்து தட்டில் வழிந்தது. தங்கை ஒன்றும் சொல்லாமல் ஐஸ்கிரீம் எடுத்து வந்தாள். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. முப்பது வருஷமாக அம்மா கையில் ஒரு தடவைகூடத் தவறாத பண்டம் அது.

இதே மாதிரி மலையில் யாருக்காவது ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

நாகலூர் மிளகுக்கொடி:

அக்கா, உங்கள் கையில் குறை இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி அளவுக்குக் குறையும். கீழே சேலத்தில் 99 டிகிரியில் கொதிப்பது எங்கள் ஊரில் 95-லேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது, ஆவியும் அவ்வளவுதான். குக்கர் வருவதற்கு முன்னால் இங்கே துவரம்பருப்பு வேகவைக்க எங்கள் அம்மாயி பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். டிசம்பர் குளிரில் மாவும் ஜில்லென்று இருந்திருக்கும், நடுப்பகுதி சூடாகவே நேரம் போயிருக்கும்.

நாங்கள் செய்வது இப்படி. பெரிய குக்கரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஸ்டாண்டு, மேலே போசி. முதல் இருபது நிமிடம் வெயிட் போடாமல் ஆவி போக விடுவோம், மாவு எழும்பட்டும் என்று. அப்புறம் வெயிட் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து ஒன்றரை மணி நேரம். பிரஷர் தானாக அடங்கின பிறகுதான் திறக்க வேண்டும். இதுவரை நடுவில் வேகாமல் போனதில்லை. குக்கர் வேண்டாம், பானைதான் வேண்டும் என்றால் நாலரை மணி நேரம் கணக்கு வையுங்கள், காசு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இன்னொன்று. கமலா ஆரஞ்சுத் தோலைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டிவிட்டு, மெல்லிசாக நறுக்கி, இரண்டு தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைத்து வடித்து, சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடையில் விற்கும் டூட்டி ஃப்ரூட்டியை அதற்கு அப்புறம் வாங்க மனசு வராது. வெள்ளைக்காரர் காலத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியோடு ஆரஞ்சையும் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். புட்டிங்கில் ஏற்காடு தெரிய வேண்டும் என்றால் இந்தத் தோல்தான்.

அஸ்தம்பட்டி வாசகி:

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி வருஷா வருஷம் எங்களுக்கென்று தனியாக முட்டை இல்லாமல் ஒரு சின்ன புட்டிங் செய்து தருவார். இரண்டு முட்டைக்குப் பதிலாக நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றும் கால் டம்ளர் தயிரும். கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், முழுதாக ஆறின பிறகு வெட்டினால் துண்டு உடையாது. போன டிசம்பரில் அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கலந்தேன். எந்தப் பக்கம் கிண்ட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். அப்போது காரணம் தெரியாது, இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சந்தேகம். பிராந்தி இல்லாமல் எத்தனை நாள் வைக்கலாம்? ஒரு தடவை மூன்று வாரம் வெளியே வைத்ததில் பூசணம் பிடித்துவிட்டது.

அரிசிப்பாளையத்துக்காரி:

நாகலூர்த் தம்பிக்கு ரொம்ப நன்றி. ஒரு வருஷமாக மனதில் இருந்த பாரம் இறங்கியது. பெரியம்மா மலையில் ராத்திரி முழுக்க விறகை நகர்த்தி நகர்த்தி அவிப்பார் என்று அம்மா சொல்வார்கள். மெதுவாக எரிகிற அடுப்பு என்று நினைத்திருந்தேன். சேலத்துக்கு வந்த பிறகு அம்மா நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், எனக்கு அந்தக் குறைந்த கணக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

அஸ்தம்பட்டித் தங்கச்சி, பிராந்தி இல்லாததை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவே வைக்காதீர்கள். நான் டிசம்பர் 20 வாக்கில் அவித்து, முழுக்க ஆறியதும் இலையைப் பிரித்துவிட்டுப் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைப்பேன். பண்டிகை அன்று மறுபடி ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தால் புதிதாக அவித்தது மாதிரி இளகிவிடும். மேலே ஊற்றக் காய்ச்சின பாலில் கொஞ்சம் கஸ்டர்டு. பிராந்தி ஊற்றி நீலத் தீ எரியவிடுவதை நாங்கள் செய்வதில்லை, பாட்டிமார் சேலையோடு குனிகிற மேஜையில் அது எனக்குப் பயம்.

மீந்ததை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 26-ஆம் தேதி காலையில் விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். ஓரத்தில் இருக்கும் வெல்லம் பொரிந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். சூடான காப்பியோடு சாப்பிட வேண்டும், பால் கலக்காத காப்பி.