9 வயதான சின்ன கார் வாங்கினால் வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தேறும் என்று நம்பலாமா?

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் வணக்கம். 9 வருடம் ஓடிய ஒரு சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக் பார்த்து வைத்திருக்கிறேன். 1.2 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர், மீட்டரில் 62,000 கி.மீ. புதிதாக வாங்கியவரிடமே இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. வயதானவர், பக்கத்தில் கடைக்கும் மருத்துவமனைக்கும் போய் வருவதோடு சரி. "வருடா வருடம் சோதனையில் முதல் தடவையே தேறிவிடும், ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை" என்கிறார். பொய் சொல்கிற ஆளாகவும் தெரியவில்லை.

வாங்கினால் நாலைந்து வருடமாவது வைத்திருப்பேன். வேலைக்குப் போக இது ஒன்றுதான் வண்டி என்பதால் சோதனையில் தேறாமல் ஒர்க்‌ஷாப்பில் நாள்கணக்கில் நின்றால் எனக்கு ரொம்பச் சிரமம். இந்த வயதுக் காரை வருடா வருடம் எவ்வளவு தைரியமாகக் கொண்டு போகலாம்? எந்த மாடல் அதிகம் தேறுகிறது என்று வரும் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி:

சகோ, நான் சோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன், அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். சின்ன கார்கள் தேறாமல் போவதற்குப் பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருக்காது. பிரேக் லைட் ஒன்று எரியாது, நம்பர் பிளேட் விளக்கு எரியாது, ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறியிருக்கும் அல்லது கண்ணாடி மஞ்சள் படிந்து மங்கியிருக்கும், வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கும், டயர் தேய்ந்திருக்கும். இதையெல்லாம் முந்தைய நாள் சாயங்காலம் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் பலர் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். டயர் தேய்மானத்துக்குப் பல நாடுகளில் 1.6 மி.மீ. என்பதுதான் எல்லை, டயரின் பள்ளத்துக்குள்ளே குறுக்காகச் சின்ன மேடு வைத்திருப்பார்கள், ரப்பர் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது.

செலவும் நாளும் இழுப்பவை வேறு. பிரேக் பைப் துரு, அடிச்சட்டத்தில் துரு, முன்பக்க பால் ஜாயின்ட் (சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் இணைக்கும் குண்டு மூட்டு) ஆட்டம், கீழ்ச்சுற்றில் உடைந்த காயில் ஸ்பிரிங், அப்புறம் புகை. 9 வயதில் நீங்கள் பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான், பல்புக்கு இல்லை.

அதனால் "தேறியது" என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாமல் பழைய சோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். தேறின வண்டிக்கும் கீழே "இதைக் கவனிக்கவும்" என்று சில வரிகள் எழுதியிருப்போம். நாங்கள் உண்மையில் சொல்ல வருவது அந்த வரிகளில்தான் இருக்கும். பிரிட்டனில் பதிவெண்ணைப் போட்டாலே அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி (அங்கே வருடாந்திரத் தகுதிச் சோதனைக்குப் பெயர்) முடிவுகள், அப்போதைய மீட்டர் அளவு எல்லாம் இலவசமாக வந்துவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் விற்பவரிடம் காகிதமாகக் கேளுங்கள். ஒரே குறை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால் அவர் அதைச் சரிசெய்யவே இல்லை என்று அர்த்தம், அடுத்து அது உங்கள் தலையில் விழும்.

கரும்பாதை:

திருப்புளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 62,000 கி.மீ. குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் ஆவியாக வெளிவரும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியே போய்விடும். கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியில் அது உள்ளேயே தங்கி சைலன்சரை உள்பக்கமிருந்து தின்றுகொண்டே இருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் ஓட்டை விழுந்து சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். பின் பிரேக்கும் அப்படித்தான். இந்த மாதிரி முன்சக்கர இழுவைச் சின்ன கார்களில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்கே செய்துவிடும், மெதுவாக மட்டுமே ஓட்டினால் பின் பிரேக்குக்கு வேலையே இருக்காது. துரு ஏறி, ஒரு பக்கம் இறுகி, பிரேக் பிடிப்பை அளக்கும் சோதனை உருளையில் ஏற்றும்போது இடதுக்கும் வலதுக்கும் பிடிப்பு வித்தியாசம் காட்டும். ஹேண்ட்பிரேக்கும் அதோடு சேர்ந்து போகும்.

டயரையும் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் கிழடாகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2316 என்றால் 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. காரோடு வந்த டயரே இன்னும் மாட்டியிருந்தால் நாலையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், விரிசல் விட்ட டயரில் நெடுஞ்சாலைக்குப் போகவே போகாதீர்கள்.

பட்டியலைப் பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மனியில் டியூவி (TÜV) என்ற வாகனச் சோதனை அமைப்பு வருடா வருடம் மாடல்வாரியாக, வயதுவாரியாகக் குறைபாட்டுக் கணக்கு வெளியிடுகிறது, அது மதிப்பான வேலைதான். சின்ன கார் என்றாலே மட்டம் என்ற எண்ணம் தப்பு என்று அதிலேயே தெரியும், 2025 அறிக்கையில் ஹோண்டா ஜாஸ்தான் முதலிடம். ஆனால் அது 2, 3 வயது வண்டிகளில் வந்த இடம். 9 வயதுக்கு வந்துவிட்டால் ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு மாடல்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். யார் ஓட்டினார், எங்கே நிறுத்தினார், கடல் காற்று பட்டதா, பனிக்கு உப்பு தூவும் சாலையில் ஓடியதா, இவற்றை எந்தப் பட்டியலும் சொல்லாது.

நாலுமணிப்பூ:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டு யாரிஸும் சின்ன கார்தான், குறைந்த தூரம்தான் ஓடுகிறது, வயது இதைவிட அதிகம், ஆனால் சோதனையில் பெரிதாக மாட்டியதில்லை. காரணம் ஒன்றுதான், கி.மீ. கணக்குப் பார்க்காமல் வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றிவிடுவோம், பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் வேகமான சாலையில் ஓட்டுவோம். குறைந்த ஓட்டமே ஆபத்து என்று சொன்னால் நல்ல வண்டியையும் விட்டுவிடுவார்கள். சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேளுங்கள் வழிப்போக்கன், பில் வைத்திருக்கும் பெரியவர் என்றால் எனக்கு அந்த வண்டி பிடிக்கும்.

சோதனை அன்று ஆறின இன்ஜினோடு போகக் கூடாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நேராக உள்ளே போங்கள். ஆயில் பழையதாக இருந்தால் அதில் கலந்த பெட்ரோல் ஆவி மறுபடி இன்ஜினுக்குள் போய்ப் புகை அளவைக் கூட்டும், அதனால் சோதனைக்கு முன்பே ஆயில் மாற்றிவிடுவது நல்லது.

கரும்பாதை:

கோபமெல்லாம் இல்லை அக்கா. நீங்கள் வாரம் ஒரு முறை நீண்ட தூரம் ஓட்டுவதால்தான் உங்கள் வண்டி நன்றாக இருக்கிறது. அந்தப் பெரியவர் அப்படி ஓட்டினாரா என்பதுதான் என் கேள்வி.

சாவிக்கொத்து:

எல்லோரும் தேறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தேறிய வண்டி நல்ல வண்டி என்று ஆகாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சோதனையில் பார்ப்பது பாதுகாப்பும் புகையும்தான். கிளட்ச் எவ்வளவு மிச்சம், கியர்பாக்ஸ் எப்படி, டைமிங் பெல்ட் (இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க வைக்கும் பட்டை) எப்போது மாற்றியது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். காலையில் தேறிய வண்டிக்குச் சாயங்காலம் பெல்ட் அறுந்து இன்ஜினே போகலாம், சோதனைக்காரர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. இந்த இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கி.மீ. மட்டுமில்லாமல் இத்தனை வருடம் என்றும் கெடு வைத்திருப்பார்கள், 9 வருடம் என்பது கவலைப்பட வேண்டிய வயது.

அப்புறம் சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, டாஷ்போர்டைப் பாருங்கள். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்த கொஞ்சத்தில் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ துண்டித்திருக்கலாம், அந்த வண்டியை விட்டு விலகிவிடுங்கள். ஸ்கேனர் வைத்து, காரின் கணினியில் பதிவான பிழைக் குறியை அழித்தும் விற்பார்கள். அப்படி அழித்தால் உள்ளே இருக்கும் சுயபரிசோதனைகள் "இன்னும் முடியவில்லை" என்று காட்டும், சின்ன ஸ்கேனரிலேயே தெரியும்.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. பெரியவரிடம் போய்க் கேட்டேன், ஒரு உறையில் எல்லாக் காகிதமும் வைத்திருந்தார். ஆயில் வருடா வருடம் மாற்றிய பில் இருக்கிறது. இன்ஜினில் இருப்பது டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. விளக்குகள் எரிந்து அணைந்தன. டயர் முன்னால் இரண்டும் புதிது, பின்னால் இரண்டும் காரோடு வந்தவை, ஓரத்தில் மெல்லிய விரிசல். கடைசி மூன்று அறிக்கையிலும் பின்பக்க பிரேக் பைப்பில் துரு என்று இருக்கிறது, முதல் இரண்டில் "மேலோட்டத் துரு", கடைசி அறிக்கையில் மட்டும் "மேலோட்ட" என்ற சொல் இல்லை.

திருப்புளி:

அந்த ஒரு சொல் போனது முக்கியம் சகோ. துரு வளர்ந்திருக்கிறது, அடுத்த சோதனையில் பைப்புக்காகவே நிறுத்திவிட நிறைய வாய்ப்பு. நிறுத்துவதும் சரிதான், பிரேக் பைப் வெடித்தால் மிதி தரையைத் தொடும். ஆனால் இது தீராத வியாதி இல்லை, பைப்பை மாற்றி பிரேக் ஆயில் புதிதாக ஊற்றி காற்றை எடுத்துவிட்டால் முடிந்தது. லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத்தையும், பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாகக் கணீரென்று கேட்டால் பைப், பின் டயர் இரண்டு, இந்தச் செலவைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள். மெத்தென்று கேட்டாலோ பொடி உதிர்ந்தாலோ வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கினால் சோதனைத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கடைசி நாளில் போய் நிற்பவர்களுக்குத்தான் வண்டி ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்கிறது.

வழிப்போக்கன்:

சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அவரே சம்மதித்துவிட்டார். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.