ஜெபமாலையில் முதல் வரியிலேயே தடுக்கி நிற்கிறேன்

தேவகோட்டைக்கு மருமகளாக வந்து ஏழு மாதம் ஆகிறது. கத்தோலிக்க ஜெபம் எனக்குப் புதிது. தினமும் இரவு ஏழரைக்கு வீட்டில் ஜெபமாலை. முழங்கால் பழகிவிட்டது, வாய்தான் பழகவில்லை.

அத்தை 'அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே' என்பார். எனக்குக் கிடைத்த புத்தகத்திலோ 'அருள் மிகப் பெற்ற மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே'. நான் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். 53 முறை வரும் மந்திரம். 53 முறையும் என் குரல் தனியாகக் கேட்கிறது. வியாழன் இன்னும் மோசம். 2002இல் போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் மறைபொருள்களை, அதாவது ஜெபிக்கும்போது தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்வுகளைப் புத்தகம் சொல்கிறது. அத்தையின் பழைய கையேட்டில் அன்றைக்கு வேறு நிகழ்வுகள், சந்தோஷ தேவ இரகசியங்கள்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு கேட்டுப் பார்த்தேன், குழப்பம் கூடியது. உதட்டை மட்டும் அசைத்தேன், அத்தை கண்டுபிடித்துவிட்டார். சாமியாரிடம் கேட்டதற்கு, "இரண்டும் சரிதான் அம்மா" என்று சிரித்தார். சரிதான், ஒரே வாயில் இரண்டையும் எப்படிச் சொல்வது?

அக்டோபர் ஜெபமாலை மாதம். அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது) ஒரு பத்து மணிகளை நான் தொடங்கிச் சொல்ல வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கூட்டமாகச் சொல்லும்போது எந்த வடிவத்தைச் சொல்கிறீர்கள்?