பிளஸ் டெர்மினல் மட்டும் திரும்பத் திரும்பப் பூக்கிறது, பேட்டரியை மாற்றணுமா?

பாலக்கோடு பிக்கப்:
வணக்கம். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி அடிக்கும் டீசல் பிக்கப், பழைய மாடல். பேட்டரியில் பிளஸ் டெர்மினல் மட்டும் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவினால், மாதம் திரும்புவதற்குள் மறுபடி அதே கதை. மைனஸ் பக்கம் சுத்தம். விடியற்காலையில் லோடு ஏற்றிவிட்டுச் சாவி போட்டால் டக் டக் என்று சத்தம்தான், செல்ஃப் அடிப்பதில்லை. கிளாம்பை ஒரு தட்டு தட்டினால் எடுக்கிறது. கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

காரிமங்கலம் டிராக்டர்:
கிரீஸை வழித்துவிட்டு வாசலின் போடுங்க நண்பா. எங்க அப்பா காலத்தில் டெர்மினல் மேல் செம்புக் காசு ஒன்று வைப்பார்கள். பூப்பதெல்லாம் காசு மேலேயே பூக்கும்.

தர்மபுரி எலக்ட்ரீஷியன்:
காசு வைத்தால் காசு அரிக்கும், ஆசிட் வருவது நிற்காது. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் தம்பி.

நிறமே பாதி சொல்லிவிடும். வெள்ளைப் பொடி ஈய சல்பேட். நீலப்பச்சை, நீங்கள் தோட்டத்தில் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிறீர்களே, அதே மயில்துத்தம். ஆசிட் போய் வயரின் செம்பைத் தின்கிறது என்று அர்த்தம். கிளாம்புக்குப் பின்னால் ரப்பர் உறையை ஒரு விரல் நீளம் உரித்துப் பாருங்கள். உள்ளே இழை கறுத்துப் பொடிந்திருந்தால் டெர்மினலை எத்தனை கழுவினாலும் பிரயோஜனம் இல்லை, வயரை மாற்றத்தான் வேண்டும்.

கழுவும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதுதான் கடைசி. வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துப் பொங்கும், நுரை அடங்கும்வரை ஊற்றணும். மூடித் துளை வழியாக ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. கிளாம்பை முறுக்கிய பிறகுதான் வாசலின், அதற்கு முன்னால் இல்லை. பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள், பேட்டரி செல்லிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

அப்புறம், துடைத்துக் காயவைத்த பேட்டரியில் பிளஸ் கம்பத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஆப்ப சோடாவைத் தூவி வையுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின், கம்பம் பெட்டியில் இறங்கும் இடத்தில் மட்டும் ஈரம் ஊறி சோடா கட்டி தட்டியிருந்தால் அங்கே சீல் விட்டிருக்கிறது. ஸ்பேனரை வைத்து கிளாம்பை அடித்து இறக்குகிறவர்கள் செய்கிற வேலை அது. தட்டினால் எடுக்கிறது என்று இனி நீங்களும் தட்டாதீர்கள். சீல் விட்டிருந்தால் வாரண்டியில் கேளுங்கள். மூடிகளைச் சுற்றியும் ஈரம் இருந்தால் வேறு விஷயம். ஒன்று, தண்ணீரை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றியிருப்பீர்கள். இல்லையென்றால் சார்ஜ் அதிகம்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். எஞ்சினைக் கொஞ்சம் ஆக்சிலேட்டரில் வைத்து மறுபடி பாருங்கள், 13.8இலிருந்து 14.5க்குள் நிற்கணும். மீட்டர் பின்னைக் கிளாம்பில் வைக்காமல் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள்.

பாலக்கோடு பிக்கப்:
பார்த்தேன் அண்ணா. நிறுத்தி வைத்ததில் 12.6. ஓடும்போது 15.2. ஈரம் எல்லா மூடிப் பக்கமும் இருக்கிறது. ஆறு செல்லிலும் தண்ணீர் ஒரே அளவாகக் குறைந்திருக்கிறது. அப்போ டைனமோ போச்சா?

தர்மபுரி எலக்ட்ரீஷியன்:
அவசரப்படாதீர்கள். 15.2 என்றால் உள்ளே தண்ணீர் பிரிந்து வாயுவாகக் கொதிக்கிறது. அதோடு வருகிற ஆசிட் சாரல்தான் மேலே உட்கார்ந்து பூக்கிறது. ஒரே ஒரு செல் மட்டும் குறைந்திருந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், ஆறும் சேர்ந்து குறைந்தால் சார்ஜைத்தான் பார்க்கணும். கடைக்காரர் சொன்னார் என்று புது பேட்டரி போட்டிருந்தால் அதையும் இது தின்றிருக்கும்.

டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கட்அவுட் கெட்டிருக்கலாம். ஆனால் உங்கள் மாதிரி பழைய வண்டி சிலவற்றில், பேட்டரி வோல்டேஜைக் கட்அவுட்டுக்குக் காட்ட ஒரு மெல்லிய வயர் தனியாகப் போகும். நடுவில் ஃபியூஸோ சாக்கெட்டோ பச்சைபிடித்துவிட்டால் அந்த வயரில் ஒரு வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 15.2 இருக்கும், கட்அவுட்டுக்குத் தெரிவது 14.2தான். அது நியாயமாகத்தான் வேலை செய்கிறது, கணக்குதான் தப்பாகப் போகிறது. எஞ்சின் ஓடும்போது அந்த வயரின் முனையில் அளந்து, பேட்டரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சாக்கெட்டைத் தேய்த்தாலே போதும். இல்லையென்றால் கட்அவுட்டை மட்டும் மாற்றலாம், முழு டைனமோ வேண்டாம்.

காரிமங்கலம் டிராக்டர்:
தண்ணீர் குறைந்ததற்கு கேன் தண்ணீர் ஊற்றலாமா? இங்கே டிஸ்டில்டு வாட்டர் சில நேரம் கிடைப்பதில்லை.

தர்மபுரி எலக்ட்ரீஷியன்:
கேன் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம் மாவட்டத்து போர் தண்ணீர் நம் பல்லையே பழுப்பாக்கிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் கேட்டுப் பாருங்கள்.

பாலக்கோடு பிக்கப்:
சரி அண்ணா. லோடு இல்லாத நாளில் வண்டியைத் தர்மபுரிக்கே ஓட்டி வருகிறேன்.

தர்மபுரி எலக்ட்ரீஷியன்:
வாங்க. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே வந்தால் வரும் வழியில் அதிகப்படி சார்ஜில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். யாராவது ஆசிட் ஊற்றச் சொன்னால் ஊற்றாதீர்கள், செல்லில் குறைந்திருப்பது தண்ணீர்தான்.