மனத்தை விட்டு அகலாத காப்புரிமைத் தீர்ப்பு எது? உங்கள் அனுபவம்

நறுமுகை:
எனக்கு எர்லோட்டினிப் வழக்குதான்: நுரையீரல் புற்றுநோய்க்கான அந்த மருந்தின் காப்புரிமையை வைத்திருந்த ரோஷ், அதையே மலிவாக விற்ற சிப்லாவைத் தடுக்கக் கேட்ட வழக்கு. அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தபோது, மருந்துக் கடைக்காரர் ஒரே மருந்தின் இரண்டு அட்டைகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்று மாத்திரைக்கு 4,800 ரூபாய், மற்றது 1,600 ரூபாய் என்றார். 2008 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் ரோஷ் நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடையை மறுத்திராவிட்டால் இரண்டாவது அட்டை அந்த மேசைக்கு வந்திருக்காது. உயிர்காக்கும் மருந்து மக்களுக்குக் கிடைப்பதும் எடைபோட வேண்டிய பொதுநலனே என்ற அந்தத் தீர்ப்பைப் பிறகு தேடி வாசித்தேன். வழக்கைத் தீர்மானித்தது விலைதான் என்பதே என் எண்ணம்.

சட்டக்கூடம்:
நறுமுகை அவர்கள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டை விசாரித்த அமர்வும் தடையை மறுத்தது உண்மை. ஆனால் காப்புரிமை செல்லுமா என்பதையே சிப்லா வலுவாகக் கேள்விக்குள்ளாக்கியிருந்ததும், தொடர்புடைய மற்றொரு விண்ணப்பத்தை ரோஷ் வெளிப்படுத்தாததும் அங்கே முக்கியக் காரணங்களாயின. 2015 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு, காப்புரிமை செல்லும், சிப்லா அதை மீறியது என்றே முடிவு செய்தது. 2016 மார்ச்சில் காலம் முடியவிருந்ததால் தடை விதிக்காமல் சிப்லா ஈட்டிய இலாபத்தின் கணக்கைக் கேட்டதோடு நின்றது. 2008-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவோர் இந்தப் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். நான் உதவியாளராக இருந்த ஒரு மருந்து வழக்கில் எதிர்த்தரப்பு நீட்டிய விலைப் பட்டியலை நீதிபதி ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, "இந்தக் கண்டுபிடிப்பு முன்பே எங்கே வெளியானது, அதைக் காட்டுங்கள்" என்றார். அந்த வழக்கறிஞரின் கை அப்படியே நின்றுபோனது.

பட்டறை ஆசிரியர்:
பைக் இன்ஜினின் ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் காப்புரிமையை டிவிஎஸ் மீறியதா என்ற வழக்குதான் எனக்கு. வகுப்பில் இரண்டு சிலிண்டர் ஹெட்களை வைத்து, இது மீறலா என்று கேட்டேன். எல்லோரும் வால்வுகளை எண்ணத் தொடங்க, கடைசி வரிசை மாணவி மட்டும், "ஐயா, முதலில் உரிமைக்கோரலை வாசிக்கலாமா?" என்றாள். காப்புரிமை எதைப் பாதுகாக்கிறது என்று வரையறுக்கும் பகுதி அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2008-இல் தனி நீதிபதி விதித்த தடையை 2009-இல் இருநீதிபதி அமர்வு நீக்கியதற்குள் இருந்த சிக்கலின் முனையை அவள் பிடித்துவிட்டாள். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, இயல்பாக நான்கு மாதங்களில் முடிக்க வேண்டும் என்றது. இவ்வழக்கோ 2019-இல் இரு தரப்பும் சமரசமான பிறகுதான் ஓய்ந்தது.

தென்கரை:
என் கணினிசார் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்த உத்தரவில், கண்டுபிடிப்புப் படிநிலை (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்பதற்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது. அதை வாசித்த நொடிதான் இன்றும் உறுத்துகிறது. யாரும் கேட்கவில்லை என்றாலும், இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஃபெரித் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவைக் காட்டும் கண்டுபிடிப்பு கணினி நிரலைச் சார்ந்திருப்பதால் மட்டும் காப்புரிமையிலிருந்து விலக்கப்படாது என்றது. ஆனால் அந்த விளைவு விண்ணப்பத்தோடு தரும் கண்டுபிடிப்பு விளக்கமான உங்கள் விவரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், விசாரணை நாளில் வாய்மொழியாகச் சேர்ப்பது எடுபடாது. படிநிலை இல்லை என மறுத்தால் அதே நீதிமன்றத்தின் 2022 அக்ரிபோர்டு தீர்ப்பை வையுங்கள்: முன்பே வெளியானது எது, விண்ணப்பத்தில் இருப்பது எது, துறை அறிந்தவருக்கு முன்னதிலிருந்து பின்னது எப்படி வெளிப்படை என்ற மூன்றையும் காப்புரிமை அலுவலர் விளக்கியே ஆக வேண்டும் என்கிறது அது. தில்லித் தீர்ப்பு சென்னை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆயினும் வழிகாட்டும் மதிப்பு அதற்கு உண்டு. இத்தகைய மேல்முறையீடுகளை விசாரித்துவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவின்படி மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்கே செல்லும். உத்தரவு நாளிலிருந்து மூன்று மாதக் கெடு ஓடத் தொடங்கிவிடும் என்பதால், சான்றிட்ட நகலுக்கு அன்றே எழுதிப் போடுங்கள்.