ஃபைனல் ஃபேன்டஸியில் அடுத்து எதைத் தொடங்குவது?

நண்பர்களே, வணக்கம். ஃபைனல் ஃபேன்டஸி என்ற வீடியோ கேம் தொடரின் பத்தாவது விளையாட்டை நேற்றிரவு முடித்தேன். மனம் இன்னும் அங்கேயே நிற்கிறது. அடுத்து யாருடைய முறை என்று திரையின் வலது ஓரத்தில் வரிசையாகக் காட்டுவார்களே, அதைப் பார்த்துப் பார்த்து, சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றித் திட்டமிடுவது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

அடுத்து எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. 1987இல் தொடங்கிய தொடர், எண்ணிட்டவை மட்டும் பதினாறு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனி உலகம், தனிக் கதை. பதினொன்றும் பதினான்கும் இணையத்தில் பலருடன் ஆடுபவை. அவற்றுக்கு எனக்கு நேரமில்லை. பதினாறாவது முழுக்க அதிரடிச் சண்டை. நிதானமாக யோசித்து ஆடவே விரும்புகிறேன்.

1994இல் வந்த ஆறாவதில் பதினான்கு பாத்திரங்கள். இத்தனை பேரின் கதையும் மனதில் ஒட்டுமா? பன்னிரண்டாவதில் ‘தோழரின் உயிர் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் குணப்படுத்து’ என்று முன்கூட்டியே விதி எழுதி வைக்கலாமாம். அப்படி வைத்தால் நாம் வேடிக்கைதான் பார்ப்போமா, யோசிக்கவும் இடமிருக்குமா? பத்தாவதின் நேரடித் தொடர்ச்சியை இப்போதே ஆடலாமா, சற்று ஆறப்போடலாமா?

ஆடியவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். கதைகளின் முடிவுகளை மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.